அடி-மெழுகுவத்தியும் லக்ஸும்

(பினாங்கு ஜோர்ஜ் டவுனில், தோட்டப்புற மாலை வகுப்பு ஆசிரியர்களும் பொது மண்டபப் பொறுப்பாளர்களும் கூடிய கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள தலைப்பு வெளிச்சத்தின் அளவுகளைப் பற்றியது. இதைப் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறு உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். 1786-ஆம் ஆண்டில் இங்கே குடியேற்றத்தை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட் என்பவரின் பெயருக்கே ஒளி என்றுதான் பொருள். அவர் பெயரைத் தாங்கிய லைட் வீதி இங்கிருந்து தொலைவில் இல்லை. அந்த வீதியை ஒட்டியிருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டையில் 1882-இல் ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது. அடுத்த ஆண்டே தீவின் வடமேற்கு முனையான மூக்கா ஹெட்டில் இன்னொன்று எழுந்தது. 1904-ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகம் மின்விளக்குக்கு வழிசெய்தது. 1976-இல் தேசிய மின்சார வாரியத்திடம் ஒப்படைக்கும் வரையில், இந்நகர் தன் மின்சாரத்தைத் தானே நடத்தி வந்தது.

நம்மவர்களுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இந்நாட்டில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1894-இல், சிலாங்கூர் ரவாங்கில், ஈயச் சுரங்கத்தில். அதனைக் கொண்டுவந்த இருவருள் ஒருவர் லோக் இயூ. மற்றவர் நம் தம்புசாமி பிள்ளை. கோலாலம்பூர் மாரியம்மன் ஆலயத்தை நிறுவியவர் என்று அவரை அறிவோம். மின்சாரத்தைக் கொண்டுவந்தவர் என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இனி பொருளுக்கு வருகிறேன்.

பழைய அளவும் புதிய அளவும்

நம் நாட்டில் எடைகளையும் அளவுகளையும் மெட்ரிக் முறைக்கு மாற்றுவதற்கான சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் மாற்றம் படிப்படியாக நடந்தது. காத்தி கிலோகிராம் ஆயிற்று. கேலன் லிட்டர் ஆயிற்று. மைல் கிலோமீட்டர் ஆயிற்று. ஆயினும் பழக்கம் எளிதில் விடுமா? சாலையோரப் பலகை கிலோமீட்டரைக் காட்டினாலும், "ஆறாங்கட்டைத் தோட்டம்" என்றுதான் நம் பெரியவர்கள் வழி சொல்லுகிறார்கள். பினாங்கிலும் கெடாவிலும் நிலம் பேசுகின்றவர்கள் இன்றும் ரெலோங் கணக்கில் பேசுகிறார்கள். இவற்றால் பெரிய தீங்கில்லை. ஒரு காத்தி என்றால் ஏறக்குறைய 600 கிராம் என்று வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும்.

ஆனால் வெளிச்சத்தின் அளவு அப்படியன்று. அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. தராசில் நிறுக்க முடியாது. அந்தத் துறையிலும் ஒரு பழைய அளவு உண்டு. புதிய அளவும் உண்டு. இரண்டையும் குழப்பிக் கொண்டால் கண்டுபிடித்துச் சொல்ல ஆளில்லை. அப்படிக் குழப்பம் நேர்ந்ததை என் வாழ்க்கையில் ஒரு முறை நேராகக் கண்டேன்.

ஒரு மண்டபத்தில் நடந்தது

நான் ஆசிரியர் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியவன். அப்போது ஒரு தோட்டத்தின் பொது மண்டபத்தில் மாலை வகுப்பும் நடத்தி வந்தேன். அந்த மண்டபத்தில் மின்கம்பிகளையெல்லாம் மாற்றிப் புதிய விளக்குகள் பொருத்தினார்கள். திறப்பு நாளன்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. பழைய விளக்குகள் கரி படிந்து போயிருந்தன. புதியவை வெள்ளை வெளேரென்று இருந்தன.

ஒரு மாதம் சென்றது. பிள்ளைகள் வந்தவுடன் சன்னல் ஓரத்து இடத்திற்காகப் போட்டி போடுவதைக் கவனித்தேன். பொழுது சாய்ந்தபின் நோட்டுப் புத்தகத்தின்மேல் மூக்கு தொடுமளவுக்குக் குனிந்தார்கள். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வாசிக்கச் சொன்னால் தயங்கித் தயங்கி வாசிப்பாள். சொற்களை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவாள். அவள் வீட்டில் பயிற்சி செய்வதில்லை என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு முறை கடிந்தும் கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மின்பணி செய்தவரை ஒருநாள் சந்தித்தபோது வெளிச்சம் போதவில்லையோ என்று கேட்டேன். அவர் நேர்மையானவர். உடனே பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். அதில் மண்டபத்தின் நடுவே "வெளிச்சம்: 30" என்று எழுதியிருந்தது. தம் கருவியை மேசைமேல் வைத்துக் காட்டினார். முள் 35-இல் நின்றது. "கேட்டது 30. நான் கொடுத்திருப்பது 35. குறை எங்கே, ஐயா?" என்றார்.

குறை அவர் கருவியில் இல்லை, வரைபடத்திலும் இல்லை. அந்த வரைபடம் மெட்ரிக் முறைக்கு முந்தையது. அதில் எழுதியவர் 30 அடி-மெழுகுவத்தி என்று எண்ணி எழுதினார். அளவின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டார். இவர் கருவியோ லக்ஸ் காட்டும் கருவி. முப்பது அடி-மெழுகுவத்தி என்பது ஏறக்குறைய 323 லக்ஸ். பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ 35. வேண்டியதில் ஒன்பதில் ஒரு பங்குகூட மேசைக்கு வந்து சேரவில்லை. ஒரு சொல் விடுபட்டதால் ஒரு மாதம் ஒரு வகுப்பே இருளில் படித்தது.

அடி-மெழுகுவத்தி என்பது எது?

பெயரிலேயே விளக்கம் அடங்கியிருக்கிறது. ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வையுங்கள். அதிலிருந்து ஓர் அடி தொலைவில் ஒரு தாளை நேராகப் பிடியுங்கள். அந்தத் தாளின்மேல் விழும் வெளிச்சமே ஓர் அடி-மெழுகுவத்தி. ஆங்கிலத்தில் ஃபுட்-கேண்டில் என்பார்கள்.

எந்த மெழுகுவத்தி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டனில் எரிவாயு விளக்குகளை விற்ற காலத்தில் இதே கேள்வி எழுந்தது. 1860-இல் இலண்டன் மாநகர் எரிவாயுச் சட்டம் அதற்கு விடை வகுத்தது. திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகினால் செய்த வத்தியாக இருக்க வேண்டும். ஆறு வத்திகள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 120 கிரெயின், அதாவது ஏறக்குறைய 7.8 கிராம் எரிய வேண்டும். அந்தச் சுடரின் வலிமைக்கு ஒரு மெழுகுவத்தித் திறன் என்று பெயர்.

ஆனால் பிரான்சு வேறு விளக்கை அளவாக வைத்திருந்தது. ஜெர்மனி இன்னொன்றை வைத்திருந்தது. 1909-இல் பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்காவும் ஒரு பொது மெழுகுவத்தியை ஏற்றுக்கொண்டன. 1948-இல் அனைத்துலக அளவை மாநாடு கேண்டெலா என்ற அளவை ஏற்றது. கேண்டெலா என்பது இலத்தீன் மொழியில் மெழுகுவத்தியைக் குறிக்கும் சொல். உருகிய பிளாட்டினம் உறையும் வெப்பநிலையில் வீசும் ஒளியை அடிப்படையாகக் கொண்டு அது வரையறுக்கப்பட்டது. 1979-இல் அதையும் மாற்றி, வினாடிக்கு 540 இலட்சம் கோடி முறை அதிரும் பச்சை ஒளியின் ஆற்றலைக் கொண்டு வரையறுத்தார்கள். திமிங்கில மெழுகு போயிற்று, பிளாட்டினமும் போயிற்று, ஆனால் அளவின் பருமன் பெரிதும் மாறவில்லை. பழைய அனைத்துலக மெழுகுவத்திக்கும் இன்றைய கேண்டெலாவுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆகவே நம் அன்றாடக் கணக்கில் ஒரு மெழுகுவத்தித் திறன் என்பதை ஒரு கேண்டெலா என்றே கொள்ளலாம்.

வேறுபாடு வருவது தொலைவில்தான். பழைய முறையில் தாளை ஓர் அடியில் பிடித்தோம். புதிய முறையில் ஒரு மீட்டர் தள்ளிப் பிடிக்கிறோம். அப்போது தாளில் விழும் வெளிச்சத்தின் பெயர் ஒரு லக்ஸ்.

ஏன் 3.28 அன்று, 10.76?

இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனவே ஓர் அடி-மெழுகுவத்திக்கு 3.28 லக்ஸ் என்று போட்டுவிடுகிறார்கள். அது தவறு.

சுடரிலிருந்து புறப்படும் ஒளி விரிந்துகொண்டே போகிறது. ஓர் அடியில் ஒரு சதுர அடித் தாளின்மேல் விழுந்த ஒளி, இரண்டு அடி தொலைவை எட்டும்போது நான்கு சதுர அடிக்குப் பரவிவிடும். மூன்று அடியில் ஒன்பது சதுர அடிக்குப் பரவும். ஒளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு குவளைச் சோற்றை நான்கு இலைகளில் பகிர்ந்தாற்போல, ஒவ்வோர் இலைக்கும் கிடைப்பது குறைகிறது. ஆகவே தொலைவு இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. தொலைவு மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

ஆகவே 3.28-ஐ அதனாலேயே பெருக்க வேண்டும். விடை 10.76. ஒரு சதுர மீட்டரில் 10.76 சதுர அடி அடங்கும் என்பதும் இதே கணக்குத்தான். ஓர் அடி-மெழுகுவத்தி என்பது 10.76 லக்ஸ்.

மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி சொல்லுகிறேன். அடி-மெழுகுவத்தியைப் பத்தால் பெருக்குங்கள். வந்ததோடு நூற்றுக்கு ஏழரை வீதம் கூட்டுங்கள். 30 என்றால் 300, அதோடு இருபத்திரண்டரை, ஆக ஏறக்குறைய 323. லக்ஸிலிருந்து திரும்பி வர வேண்டுமானால், பத்தால் வகுத்து, வந்ததில் நூற்றுக்கு ஏழு வீதம் கழியுங்கள். 500 லக்ஸ் என்றால் 50. மூன்றரை கழிந்து 46.5 அடி-மெழுகுவத்தி.

நெற்றி விளக்கைக் கொண்டு சரிபார்ப்போம்

விடியுமுன் மரம் வெட்டப் போகின்ற நம் பால்வெட்டுத் தொழிலாளர்களின் நெற்றி விளக்கை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில்தான் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஒழுகும். ஆகவே இருட்டிலேயே நெற்றி வெளிச்சத்தில் பட்டையைச் சீவுகிறார்கள். கத்தி சிறிது ஆழமாகப் போனால் மரம் காயப்படும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். அந்தச் சிறு வெளிச்சத்தை நம்பித்தான் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் இருக்கிறது. என் தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த விளக்கைக் கட்டியவர்.

அந்த விளக்கு நேர்முகமாக 20 கேண்டெலா வலிமையுள்ளது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வெட்டுப்பட்டை இரண்டு அடி தொலைவில் இருக்கிறது. இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு. இருபதை நான்கால் வகுத்தால் ஐந்து அடி-மெழுகுவத்தி. அதை 10.76-ஆல் பெருக்க, ஏறக்குறைய 54 லக்ஸ்.

இப்போது மெட்ரிக் வழியில் பார்ப்போம். இரண்டு அடி என்பது 0.61 மீட்டர். அதை அதனாலேயே பெருக்கினால் 0.372. இருபதை 0.372-ஆல் வகுத்தால் அதே 54. இரண்டு வழியிலும் விடை ஒன்றுதான். கணக்கு மாறலாம், மரத்தில் விழும் வெளிச்சம் மாறாது.

வாட், லூமென், லக்ஸ்

கடைக்குச் சென்று விளக்கு வாங்கும்போது இன்னொரு குழப்பம் வரும். பெட்டியில் வாட் என்றும் லூமென் என்றும் அச்சிட்டிருப்பார்கள். வாட் என்பது விளக்கு விழுங்கும் மின்சாரம். லூமென் என்பது அது கக்கும் ஒளி முழுவதும். லக்ஸ் என்பது அந்த ஒளியில் நம் மேசைக்கு வந்து சேர்ந்த பங்கு. சம்பளம், வீட்டுச் செலவு, கையில் மிஞ்சியது என்று மூன்றும் வேறு வேறாக இருப்பதைப் போல இவை மூன்றும் வேறு.

பழைய காலத்துக் குமிழ் விளக்கு 60 வாட்டை விழுங்கி ஏறக்குறைய 700 முதல் 800 லூமென் கொடுத்தது. இன்றைய எல்.இ.டி. விளக்கு எட்டு, ஒன்பது வாட்டிலேயே அதைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே வாட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கணக்கிட்ட காலம் போய்விட்டது. லூமென் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். ஒரு சதுர அடியில் விழுந்தால் ஓர் அடி-மெழுகுவத்தி. பத்தடிக்குப் பத்தடி அறையில் 800 லூமென் விளக்கு ஒன்று எரிகிறது. ஒளி சிறிதும் வீணாகாமல் தரைக்கு வந்தாலும் நூறு சதுர அடிக்கு 800 லூமென். அதாவது எட்டு அடி-மெழுகுவத்தி, 86 லக்ஸ். சுவரும் கூரையும் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் உண்மையில் அதைவிடக் குறையும்.

எவ்வளவு வேண்டும்? மலேசியத் தரநிலையான எம்.எஸ். 1525, பொது அலுவலகத்திற்கு 300 முதல் 400 லக்ஸ் வரையும், வகுப்பறைக்கும் நூலகத்திற்கும் 300 முதல் 500 லக்ஸ் வரையும் பரிந்துரைக்கிறது. அடி-மெழுகுவத்தியில் சொன்னால் வகுப்பறைக்கு ஏறக்குறைய 28 முதல் 46 வரை. அந்தப் பழைய வரைபடத்தில் 30 என்று எழுதிய முகமறியாத மனிதர் சரியாகவே எழுதியிருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

ஒப்புநோக்குவதற்காக இன்னும் இரண்டு எண்களைச் சொல்லுகிறேன். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய ஓர் இலட்சம் லக்ஸ். முழுநிலா வெளிச்சம் கால் லக்ஸுக்கும் குறைவு. இரண்டிலும் நம் கண் பார்க்கிறது. கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால்தான், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததைக்கூட நாம் உணராமல் இருந்துவிடுகிறோம். எங்கள் மண்டபத்தில் நடந்ததும் அதுவே. கண் ஒரு நல்ல நண்பன். ஆனால் நல்ல அளவுகோல் அன்று.

நீங்கள் செய்யக் கூடியவை

முதலாவதாக, எந்த வரைபடத்திலும் குறிப்பிலும் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். அளவின் பெயரையும் எழுதுங்கள். பழைய தாளில் பெயரில்லாத எண்ணைக் கண்டால், அந்தத் தாள் எந்த ஆண்டினது என்று பாருங்கள். படிக்கும் இடத்திற்கு 20, 30, 40 என்று இருந்தால் அது பெரும்பாலும் அடி-மெழுகுவத்தி. 200, 300, 400 என்று இருந்தால் லக்ஸ்.

இரண்டாவதாக, கருவியின் முகப்பைப் படியுங்கள். பல கருவிகளில் இரண்டு அளவுகளும் உண்டு. ஒரு பொத்தான் மாறினால் எண் பத்து மடங்கு மாறிவிடும். கைத்தொலைபேசியிலும் இன்று வெளிச்சம் அளக்கலாம். தோராயமாக அறிய அது உதவும். ஆயின் சான்றாகக் கொள்ளத் தகாது. முறையாக அளப்பதற்குச் சரிபார்க்கப்பட்ட கருவி வேண்டும்.

மூன்றாவதாக, கூரையில் நின்று அளக்காதீர்கள். பிள்ளையின் புத்தகம் இருக்கும் இடத்தில் வைத்து அளங்கள். பொழுது சாய்ந்தபின் அளங்கள். மண்டபத்தின் நடுவில் மட்டுமன்றி மூலையிலும் அளங்கள்.

நான்காவதாக, பணம் போதவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். விளக்கைக் கூடுதலாக வாங்குவதற்கு முன் விளக்கைக் கிட்டே கொண்டு வாருங்கள். மேசை விளக்கை நான்கு அடியிலிருந்து இரண்டு அடிக்கு இறக்கினால் புத்தகத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் விழும். சுவருக்கு வெள்ளையடித்தால் இன்னும் கூடும். விளக்கின் தூசியைத் துடைத்தாலும் கூடும். இவற்றுக்கு மின்கட்டணம் இல்லை.

முடிவுரை

அந்த மண்டபத்தின் கதையை முடித்துவிடுகிறேன். மின்பணியாளர் அடுத்த வாரமே ஏணியோடு வந்து கூடுதல் விளக்குகளைத் தாழ்வாகப் பொருத்தினார். மேசைமேல் 310 லக்ஸ் வந்தது. பிள்ளைகள் சன்னலோரத்திற்குப் போட்டி போடுவது நின்றது. அந்த மாணவி முன்பைவிட நன்றாக வாசித்தாள். ஆனால் பின்வரிசையிலிருந்து கரும்பலகையைப் பார்க்க அவளால் முடியவில்லை. கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். அவளுக்குக் கண்ணாடியும் தேவைப்பட்டது. மங்கிய வெளிச்சம் அந்தக் குறையை ஒரு மாதம் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

மங்கலில் படித்தால் கண் அவிந்துவிடும் என்று நம் வீடுகளில் சொல்லுவார்கள். அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. கண் களைக்கும், தலை வலிக்கும், நாளடைவில் பிள்ளைக்குப் புத்தகமே வேண்டாம் என்றாகிவிடும். நான் அஞ்சுவது இந்தக் கடைசி இழப்புக்குத்தான். அதற்கு மருந்துக் கடையில் மருந்து கிடையாது.

நம் தாய்மார்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளில் நடந்தது, பிள்ளைகள் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிப்பதற்காக. அந்த வெளிச்சம் மேசைக்கு வந்து சேர்ந்ததா என்று அளந்து பார்ப்பது நம் கடமை. இன்று வீடு திரும்பியதும் உங்கள் மண்டபத்தில், உங்கள் வீட்டு மேசையில், ஒரு முறை அளந்து பாருங்கள். வந்த எண்ணோடு அளவின் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.